டச்சு மூதாதையரைத் தேடுவது எப்படி: கல்யாணப் பதிவில் தொடங்குங்கள்

நெதர்லாந்தில் குடும்ப வேர் தேடும் வேலை தூரத்திலிருந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும். இறங்கிவிட்டால் அவ்வளவு கடினமில்லை. அந்த நாட்டின் பெரும்பகுதியில் 1811 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்திருக்கிறது. அந்த ஏடுகளில் பெரும்பாலானவை படமெடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொரு பெரிய வசதி, கல்யாணமான பெண்ணும் ஆவணத்தில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார். தாய்வழியில் மேலே ஏறுவது மற்ற பல நாடுகளில் முட்டுச்சந்தில் போய் நிற்கும். இங்கே அது தந்தைவழியைப் போலவே நேர்ப்பாதை.

பலர் தடுமாறுவது தவறான முனையைப் பிடிப்பதால்தான். 'எங்கள் பூட்டனார் டச்சுக் கப்பல் கேப்டன்' என்று வீட்டில் வழிவழியாகச் சொன்ன கதையை எடுத்துக்கொண்டு, அந்தக் கேப்டனைக் கண்டுபிடித்து அங்கிருந்து கீழே இறங்கப் பார்ப்பார்கள். அதே பெயரில் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். அதில் கதைக்குப் பொருந்துகிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு பத்துத் தலைமுறைக்கு மரம் வரைந்துவிடுவார்கள். அடித்தண்டே தவறு என்பது ரொம்பப் பிந்தித்தான் தெரியவரும். தெரிந்த ஒருவரிடம் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஆவணம் கையில் வந்தபிறகே அடுத்த படிக்கு ஏற வேண்டும்.

முதலில் வீட்டுக்குள் தேடுங்கள்

தேடலைத் தொடங்க நான்கு தகவல் வேண்டும்: முழுப்பெயர், ஏறக்குறைய ஆண்டு, ஊர், மதப்பிரிவு. மதம் எதற்கு என்று தோன்றலாம். 1811-க்கு முன்னால் போகும்போது எந்தச் சபையின் ஏட்டைப் புரட்டுவது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

பழைய பெட்டிகளில் முக்கியமாகத் தேட வேண்டியது, திருமணத்தின்போது நகராட்சி கொடுக்கும் 'ட்ரவ்பூக்யே' என்ற சிறு கையேடு. குழந்தைகள் பிறக்கப் பிறக்க அவர்கள் பெயரையும் அதிலேயே பதிந்து தருவார்கள். கத்தோலிக்கக் குடும்பமென்றால் இறந்தவர் நினைவாக அச்சடித்து விநியோகித்த சிறிய ஜெப அட்டைகள் இருக்கும். பிறந்த நாள், இறந்த நாள், துணைவர் பெயர் மூன்றும் அதில் கிடைத்துவிடும். போட்டோவின் பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரையும் தபால் உறையின் முத்திரையும் ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

ஊர்ப்பெயரில் அவசரப்படாதீர்கள். ஹெங்கெலோ என்ற பெயரில் ஓவரைசல் மாகாணத்தில் ஒன்று, கெல்டர்லாந்தில் ஒன்று. ரைஸ்வைக் என்பது ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் இருக்கிறது. 'ஹாலந்து' என்று மட்டும் எழுதியிருந்தால் அது அந்தப் பெயருள்ள மாகாணங்களாகவும் இருக்கலாம், முழு நாடாகவும் இருக்கலாம். இன்னொன்று, பதிவேடுகள் கிராமவாரியாக இல்லை, நகராட்சிவாரியாக இருக்கும். சிறிய நகராட்சிகள் பல முறை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுவிட்டன. பழைய கிராமம் அந்தக் காலத்தில் எந்த நகராட்சியின் கீழ் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் தேட வேண்டும்.

ஊரே தெரியவில்லையா? குடும்பப் பெயரை நெதர்லாந்து குடும்பப் பெயர் வங்கியில் போட்டுப் பாருங்கள். அந்தப் பெயருடையவர்கள் 1947-லும் 2007-லும் எந்தப் பகுதியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று வரைபடத்தில் காட்டும். பெயரின் வாலும் ஓரளவு திசை சொல்லும். 'ஸ்ட்ரா', 'ஸ்மா', 'இங்கா' என்று முடிந்தால் வடக்கே ஃபிரீஸ்லாந்துப் பக்கம். 'இங்க்' என்று முடிந்தால் கிழக்கே ட்வென்ட்டே, ஆக்டர்ஹுக் பகுதி. அப்பா பெயரோடு 'ஸே' ஒட்டி முடிந்தால் சீலாந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். திசையைத் தெரிந்துகொள்ள மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறிப்பெடுக்க ஒரு எண் முறை உண்டு. உங்களுக்கு 1, அப்பாவுக்கு 2, அம்மாவுக்கு 3. அதற்குமேல் யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 12 என்றால் 6-இன் அப்பா, 13 என்றால் 6-இன் அம்மா. ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே நகராட்சி, ஆண்டு, பதிவு எண் மூன்றையும் எழுதிவையுங்கள். இணைய முகவரியை மட்டும் குறித்தால் போதாது, தளங்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கும்.

எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது

பிறப்புப் பதிவு 100 ஆண்டு கழித்து, திருமணப் பதிவு 75 ஆண்டு கழித்து, இறப்புப் பதிவு 50 ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறக்கப்படும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வருடப் பதிவுகள் புதிதாக வெளிவரும். 1930-இல் பிறந்த பாட்டியின் பிறப்புப் பதிவை இணையத்தில் தேடிக் களைத்துப் போவதில் அர்த்தமில்லை, அது இன்னும் திறக்கவில்லை.

இந்த இடைவெளியைத் தாண்டப் பாலம் 'பெர்சோன்ஸ்கார்ட்' என்ற ஆள் அட்டை. 1939 வாக்கில் தொடங்கி ஒவ்வொரு குடிமகனுக்கும் நகராட்சி ஓர் அட்டை வைத்திருந்தது. பெயர், பிறந்த நாளும் ஊரும், பெற்றோர் விவரம், தொழில், திருமணங்கள், குடியிருந்த முகவரிகள் தேதியோடு, இறந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். குடும்பத் தலைவரின் அட்டையில் மனைவி, பிள்ளைகள் பெயரும் சேர்ந்திருக்கும். 1994 அக்டோபரிலிருந்து அட்டைக்குப் பதில் கணினிப் பட்டியல். இறந்தவருடைய அட்டையின் நகலை ஹேக் நகரிலுள்ள சிபிஜி என்ற குடும்ப வரலாற்று மையம் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்பும். உயிரோடு இருப்பவருடையது கிடைக்காது. தாத்தா 1939-க்குப் பிறகு நெதர்லாந்திலேயே இறந்திருந்தால் முதல் செலவை இதற்கே செய்யுங்கள். ஒரே அட்டையில் அவருடைய பெற்றோர் வரை போய்விடலாம், அதற்குமேல் பொது ஏடுகளே போதும்.

தேடும் இடங்கள்

சிபிஜி நடத்தும் 'வீவாஸ்வீ' தளமும் 'ஓப்பன் ஆர்க்கீவன்' தளமும் நாடு முழுவதிலுமிருந்து ஆவணக் காப்பகங்களின் பட்டியலைத் திரட்டித் தருகின்றன. இரண்டையும் பாருங்கள். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். ஃபிரீஸ்லாந்துக்கு 'அல்லே ஃபிரீசன்', கிரோனிங்கனுக்கு 'அல்லே கிரோனிங்கர்ஸ்' எனத் தனித்தளங்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் நகரக் காப்பகங்களுக்குச் சொந்தத் தேடல் பக்கம் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் போடாத ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட ஃபேமிலிசர்ச் என்ற தளம் வேண்டும். கணக்குத் தொடங்குவது இலவசம்.

தேடும்போது ஒரே ஆளின் பெயரைப் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து விழும். கணவன் குடும்பப் பெயரையும் மனைவி குடும்பப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அந்தத் தம்பதியின் திருமணம், அவர்கள் பிள்ளைகளின் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஒன்றும் வரவில்லையென்றால் முதற்பெயரை நீக்குங்கள், ஆண்டை இருபுறமும் பத்துப் பத்தாக விரியுங்கள், சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போடுங்கள்.

பட்டியலில் இருப்பது யாரோ படித்துத் தட்டச்சு செய்தது என்பதை மறந்துவிடாதீர்கள். மூலப் படத்தைத் திறந்து பார்க்காமல் எதையும் மரத்தில் ஏற்றக் கூடாது. மற்றவர்கள் இணையத்தில் போட்டுவைத்திருக்கும் குடும்ப மரங்களை வழிகாட்டியாகப் பயன்படுத்தலாம். பத்து மரங்களில் ஒரே தகவல் இருக்கிறதென்றால் பெரும்பாலும் ஒருவர் செய்த தவற்றை ஒன்பது பேர் நகலெடுத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

கல்யாணப் பதிவே முதுகெலும்பு

மூன்று வகைப் பதிவிலும் திருமணப் பதிவுதான் அதிகம் பேசும். பிறப்புப் பதிவில் குழந்தையும் பெற்றோரும் மட்டும். இறப்புப் பதிவை எழுதிக்கொடுத்தவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர். இறந்தவரின் அம்மா பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று உறுதியில்லை. ஆகவே இறப்புப் பதிவிலுள்ள பெற்றோர் பெயரையும் வயதையும் தற்காலிகமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். திருமணப் பதிவு அப்படியல்ல. மணமக்கள் அதிகாரி முன் நின்று, சான்றுகளைக் கொடுத்து எழுதவைத்தது அது. இருவரின் வயது, பிறந்த ஊர், தொழில், இரு பக்கப் பெற்றோர், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, சம்மதம் கொடுத்தார்களா, சாட்சிகள் யார், அவர்கள் என்ன உறவு என எல்லாம் ஒரே பக்கத்தில். கீழே கையெழுத்துகள். எழுதத் தெரியாதவர் என்றால் அதையும் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். விஷயம் அதன் இணைப்புக் கட்டில் இருக்கிறது. திருமணத்துக்காகக் கொடுத்த சான்றுகளைத் தூக்கிப் போடாமல் தனிக் கட்டாகக் கட்டி வைத்தார்கள்: மணமக்களின் பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்று, இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்று, பெற்றோர் இருவருமே இல்லையென்றால் பல கட்டுகளில் தாத்தா பாட்டிகளின் இறப்புச் சான்று, மறுமணமென்றால் முதல் துணையின் இறப்புச் சான்று, மணமகனின் ராணுவக் கடமைச் சான்று. ஏழைகளுக்குக் கட்டண விலக்குக்கான வறுமைச் சான்றும் இருக்கும். 1820-இல் நடந்த ஒரு கல்யாணக் கட்டு உங்களை நேராக 1740-களில் பிறந்தவர்களிடம் கொண்டுபோய்விடலாம். அந்த ஊரின் பழைய சபை ஏடு தீயில் போயிருந்தால்கூட அதிலிருந்து எடுத்த நகல் இந்தக் கட்டில் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு.

ராணுவச் சான்றைத் தவறவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிச் சான்றுகளில் உயரம், முகவடிவம், நெற்றி, கண், மூக்கு, வாய், தாடை, தலைமுடி நிறம் வரை எழுதியிருப்பார்கள். புகைப்படம் வருவதற்கு முன் வாழ்ந்த ஒரு விவசாயக் கூலியின் தோற்றம் வேறெங்கும் கிடைக்காது.

இந்தக் கட்டுகளில் பெரும்பகுதிக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. எடுக்கும் முறை இதுதான். திருமணப் பதிவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேமிலிசர்ச்சில் மாகாணம், நகராட்சி, திருமண இணைப்புகள், ஆண்டு என்று இறங்குங்கள். கட்டுகள் திருமண எண் வரிசையில் இருக்கும்; எண்ணை மேல் மூலையில் எழுதியிருப்பார்கள். முதல் படத்திலிருந்து புரட்ட வேண்டாம். நடுவில் ஒரு படத்தைத் திறந்து எண் பாருங்கள், பிறகு பாதி, அதில் பாதி என்று நெருங்குங்கள். ஒரே தம்பதிக்குப் பத்துப் பதினைந்து தாள்கூட இருக்கும், எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்

ஓவியர் வின்சென்ட் வான் கோ 1853 மார்ச் 30 அன்று வடக்கு பிரபான்ட் மாகாணத்தின் சூண்டர்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா தியோடோரஸ் அங்கே பாதிரியார். அம்மா அன்னா கொர்னேலியா கார்பென்டஸ். பெற்றோர் கல்யாணத்தைச் சூண்டர்டில் தேடினால் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. பெண்ணின் ஊரில் கல்யாணம் செய்வதுதான் வழக்கம். பெண் ஹேக் நகரத்தவர். 1851 மே 21 அன்று அங்கேதான் திருமணம் நடந்தது. முதல் குழந்தை பிறந்த ஊரில் திருமணம் கிடைக்காவிட்டால் அடுத்து மனைவி பிறந்த ஊரில் தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, பெயர் வைக்கும் வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர் என்பது பரவலான முறை. நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது போலத்தான். ஓவியரின் தாத்தா பெயரும் வின்சென்ட். 1855-இல் பிறந்த மூத்த தங்கை அன்னா கொர்னேலியாவுக்கு அம்மாவழிப் பாட்டியின் பெயர். ஆனால் 1857-இல் பிறந்த தம்பிக்கு அம்மாவழித் தாத்தா வில்லெம் பெயரை வைக்காமல் அப்பா பெயரான தியோடோரஸையே வைத்துவிட்டார்கள். உலகம் அவரைத் தியோ என்று அறியும். வழக்கம் துப்பு கொடுக்கும், அதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த வீடே சாட்சி.

மூன்றாவதுதான் பெரிய பொறி. 1852 மார்ச் 30 அன்று, சரியாக ஓராண்டு முன்பு, இதே தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கும் வின்சென்ட் என்றே பெயர். இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்ததற்கு வைப்பது நெதர்லாந்தில் மிகச் சாதாரணம். சில வீடுகளில் ஒரே பெயரில் மூன்று குழந்தைகள்கூட அடுத்தடுத்து வரும். முதலில் கண்ணில் படும் பிறப்புப் பதிவை உங்கள் ஆளுடையது என்று எடுத்துக்கொண்டு, அந்தக் குழந்தை ஒரு வயதில் இறந்ததைக் கவனிக்காமல் விடுவது புதியவர்கள் எல்லோருமே செய்கிற பிழை. பிறப்பைக் கண்டதும் அடுத்த பத்து வருட இறப்புப் பதிவுகளையும் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, அகரவரிசை. நெதர்லாந்துப் பட்டியல்களில் 'வான்', 'டே', 'வான் டென்' போன்ற முன்னொட்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. வான் கோ என்பவர் 'கோ'வின் கீழ்தான் வருவார். எல்லை தாண்டி பெல்ஜியத்துக்குப் போனால் இதே பெயர் 'வான்' என்பதன் கீழ் இருக்கும். தளத்தில் முன்னொட்டுக்குத் தனிக் கட்டம் இருந்தால் அதிலேயே போடுங்கள்.

வீடு வீடாக எழுதிய மக்கள்தொகை ஏடு

1850 முதல் ஒவ்வொரு நகராட்சியும் யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்று ஏடு வைத்தது. ஆள் வந்தால் எழுதுவார்கள், போனால் அல்லது இறந்தால் கோடு போட்டு அடிப்பார்கள். எங்கிருந்து வந்தார், எங்கே போனார், எந்தத் தேதி என்பதும் இருக்கும். 'வட அமெரிக்கா' என்று போகுமிடம் எழுதியிருந்தால் கப்பல் பயணிகள் பட்டியலுக்குப் போகலாம். ஹாலந்து அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் 1900 முதல் 1969 வரையிலான பட்டியல்கள் ராட்டர்டாம் நகரக் காப்பகத்தில் உள்ளன.

குடும்பத்தோடு தங்கியிருந்த வேலைக்காரப் பெண், விதவை அத்தை, வாடகைக்கு இருந்த மைத்துனர் எல்லாம் இந்த ஏட்டில்தான் தலைகாட்டுவார்கள். மதப்பிரிவுக்கு ஒரு பத்தி உண்டு. அதைக் குறித்துக்கொண்டுதான் 1811-க்கு முந்தைய காலத்துக்கு ஏற வேண்டும்.

1811-க்கு முன்: சபை ஏடுகள்

அரசுப் பதிவுக்கு முன் இருந்தவை ஞானஸ்நான, திருமண, அடக்க ஏடுகள். சில ஊர்களில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பின்னால் போகும், பல கிராமங்களில் 1700-ஐத் தாண்டாது. லிம்பர்கிலும் சீலாந்தின் தென்பகுதியான சீலாந்து ஃபிளாண்டர்ஸிலும் பிரெஞ்சு ஆட்சி முன்னதாகவே வந்துவிட்டதால் அரசுப் பதிவு 1796-லேயே தொடங்கிவிட்டது. அங்கே 1805 வரை தேதிகள் பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டியில் இருக்கும். மாற்றிக் கொடுக்கும் இணையக் கருவிகள் உண்டு.

இங்கே பிறந்த நாள் கிடைக்காது, ஞானஸ்நான நாள்தான் கிடைக்கும். மென்னனைட் சபையினர் பெரியவர்களான பிறகே ஞானஸ்நானம் பெறுவதால் அவர்கள் வீட்டுக் குழந்தைகள் இந்த ஏட்டிலேயே இருக்க மாட்டார்கள். கத்தோலிக்க ஏடுகள் லத்தீனில் இருக்கும்: ஏட்டில் யோஹான்னஸ், வீட்டில் யான், ஏட்டில் கொர்னேலியஸ், தெருவில் கேஸ். ஹாலந்து மாகாணத்தில் சீர்திருத்தச் சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சாராதவர்கள் நகர நீதிபதிகள் முன்னும் கல்யாணம் பதிவு செய்தார்கள். அதனால் கத்தோலிக்கத் தம்பதியைச் சபை ஏட்டிலும் தேட வேண்டும், நகர ஏட்டிலும் தேட வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமின் திருமண அறிவிப்பு ஏடுகள் 1565 முதல் 1811 வரை இருக்கின்றன. வயது, சொந்த ஊர், தொழில், குடியிருந்த தெரு, கையெழுத்து எல்லாம் உண்டு. ஓவியர் ரெம்பிராண்ட் 1634 ஜூனில் சாஸ்கியாவோடு செய்த திருமண அறிவிப்பு அதில் இருக்கிறது. ஆனால் திருமணம் நடந்தது பெண்ணின் பக்கமான ஃபிரீஸ்லாந்தில், சின்ட் அன்னாபரோக்கி என்ற கிராமத்தில். அறிவிப்பு வேறு, திருமணம் வேறு. இரண்டும் இரண்டு ஊர் ஏட்டில் இருக்கக்கூடும். அந்தக் கிராமம் அன்று ஹெட் பில்ட் என்ற பகுதியைச் சேர்ந்தது, 2018 முதல் வாட்ஹுக்கே நகராட்சியில் இருக்கிறது. தேதியிலும் கவனம் வேண்டும். ஹாலந்தும் சீலாந்தும் 1582-83 வாக்கிலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. ஃபிரீஸ்லாந்து, கிரோனிங்கன், கெல்டர்லாந்து, ஓவரைசல் 1700-1701-இல்தான் மாறின. அதுவரை இரு பக்கத்துக்கும் பத்து நாள் வித்தியாசம்.

ஹாலந்தில் 1695 முதல் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் வரி போட்டார்கள். வசதிக்கேற்ப 30, 15, 6, 3 கில்டர் (அந்நாளைய டச்சு நாணயம்), ஏழைக்கு இலவசம். வரி ஏட்டில் உங்கள் ஆள் எந்த வகுப்பில் இருக்கிறார் என்று பார்த்தால் வீட்டு நிலைமை விளங்கிவிடும். வரியிலிருந்து தப்பக் குறைத்துச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்தில் ஒரு பொறி: 7, 8, 9, 10 என்ற எண்களோடு 'பெர்' என்ற முடிவு ஒட்டியிருந்தால் அது செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஜூலை என்று படித்தால் வரிசை குழம்பிவிடும். ஏடு அழிந்த ஊர்களும் உண்டு. 1940 மே 17 அன்று மிடில்பர்க் எரிந்தபோது சீலாந்தின் ஏராளமான ஆவணங்கள் போய்விட்டன. அந்த மாதிரி ஊர்களில் நிலப் பதிவு, உயில், அனாதைக் குழந்தைகளின் சொத்துப் பொறுப்பு ஏடுகள் போன்றவற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

குடும்பப் பெயரே இல்லாத காலம்

1811 ஆகஸ்ட் 18-ஆம் தேதி நெப்போலியனின் ஆணைப்படி எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நகரங்களில் பலரிடம் அதற்கு முன்பே பெயர் இருந்தது. நாட்டுப்புறத்தில், குறிப்பாக ஃபிரீஸ்லாந்தில், அப்பா பெயரே போதுமானதாக இருந்தது. யானின் மகன் பீட்டர் 'பீட்டர் யான்ஸ்', அவர் மகன் யான் 'யான் பீட்டர்ஸ்'. தமிழ்நாட்டு முன்னெழுத்து முறை தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே வராது, ஐரோப்பியர்கள்தான் தடுமாறுவார்கள். ஃபிரீஸ்லாந்தில் 1811-இல் யார் எந்தப் பெயரை எடுத்தார்கள் என்ற ஏடுகள் மிச்சமிருக்கின்றன, பிள்ளைகள் பெயரும் வயதும் சேர்ந்தே இருக்கும்.

கிழக்கு மாகாணங்களில் நிலைமை வேறு. அங்கே பெயர் பண்ணையோடு ஒட்டியது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர் மனைவியின் பண்ணைப் பெயரை எடுத்துக்கொள்வார், பிள்ளைகளுக்கும் அதுவே. அண்ணன் தம்பி இருவர் வேறுவேறு குடும்பப் பெயரோடு இறப்பது அங்கே விசித்திரமில்லை. ஒரு குடும்பம் திடீரென்று ஏட்டிலிருந்து மறைந்தால் முதலில் பண்ணை மாறினார்களா என்று பாருங்கள்.

கம்பெனி வழி வந்தவர்கள்: இலங்கையும் சோழமண்டலமும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கி 1799-இல் முடிந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் அதன் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வரை நெதர்லாந்துக்காரர்களே அல்ல. ஜெர்மானியர், ஸ்காண்டினேவியர் ஏராளம். இலங்கையில் ஐரோப்பியர் வழிவந்த சமூகமான பர்கர் குடும்பத்து 'டச்சு' மூதாதை ஒருவர் உண்மையில் ஜெர்மன் கிராமத்துக்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கம்பெனி ஆட்களைத் தேட ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கப்பல் சம்பள ஏடுகள்தான் வழி. 18-ஆம் நூற்றாண்டு முழுவதற்கும் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், புறப்பட்ட நாள், வேலை முடிந்த நாள், முடிந்த காரணம் வரும்: திரும்பிவந்தார், இறந்தார், ஓடிப்போனார். வருடத்தில் மூன்று மாதச் சம்பளம் வரை ஊரிலுள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ பிள்ளைக்கோ கொடுக்கும்படி எழுதிக்கொடுக்கலாம். அப்படி எழுதியிருந்தால் மூல ஏட்டின் படத்தில் அந்த உறவினர் பெயர் இருக்கும். ஐரோப்பாவிலுள்ள குடும்பத்தோடு கோத்துக் கட்ட அதைவிட நல்ல கயிறு கிடையாது. ஊர்ப்பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார், ஆகவே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

ஆசியாவில் நடந்த கல்யாணம் சம்பள ஏட்டில் வராது. இலங்கைக்குக் கொழும்பு வுல்ஃபென்டால் தேவாலய ஏடுகளும், கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டச்சு ஆவணங்களும் வேண்டும். அங்குள்ள 'தோம்பு' ஏடுகள் டச்சுக்காரர்களைப் பற்றியவை மட்டுமல்ல; உள்ளூர்க் குடும்பங்களையும் நிலங்களையும் பெயர் பெயராக எழுதியவை. பள்ளித் தோம்புகளில் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானமும் திருமணமும் உண்டு. பர்கர் குடும்பங்களுக்கு, டச்சு பர்கர் யூனியன் 1908 முதல் வெளியிட்ட சஞ்சிகையில் அச்சான வம்சாவளிகள் நல்ல தொடக்கம். ஆனால் அவை ஐரோப்பிய ஆணிலிருந்து தொடங்கி ஆண்வழியே இறங்குபவை. மனைவிமார் எங்கிருந்து வந்தார்கள் என்பதில் பல இடங்களில் மௌனம்தான். அந்த வரிகளைத் தேவாலய ஏட்டோடு ஒத்துப் பாருங்கள்.

தமிழகக் கரையில் பழவேற்காடு, நாகப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், தூத்துக்குடி ஆகியவை கம்பெனியின் முக்கிய இடங்கள். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கல்லறைகள் இன்றும் நிற்கின்றன. கல்வெட்டில் பிறந்த ஊரும் தேதியும் பதவியும் பொறித்திருப்பதால் ஒரு கல்லே ஓர் ஆவணம். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணத் தொகுப்பு ஒன்று உண்டு.

கம்பெனி ஏடுகளில் 'மரியா வான் நாகப்பட்டினம்' என்ற மாதிரிப் பெயர் வந்தால் அதைக் குடும்பப் பெயர் என்று எடுக்காதீர்கள். அது வந்த ஊர் மட்டும். பல சமயம் அடிமையாக விற்கப்பட்டவருக்கு வைத்த பெயர். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி ஆவணங்களில் 'வான் கோரமண்டல்', 'வான் மலபார்' என்று வருபவர்களும் அப்படித்தான். டச்சு வேர் தேடப் போய் அந்த வழியில் தமிழ் வேர் கிடைப்பதும் உண்டு.

உயிரோடு இருக்கும் சொந்தங்களைக் கண்டுபிடிக்க

மேலே ஏறிய மாதிரியே கீழே இறங்க வேண்டும். கொள்ளுத் தாத்தாவின் உடன்பிறந்தவர்களைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவரின் திருமணம், பிள்ளைகள் என்று திறந்திருக்கும் ஆண்டு வரை வாருங்கள். 1927 வரைக்கும் வாரிசுரிமை அறிக்கைகள் கைகொடுக்கும்; இறந்தவரின் வாரிசுகள் யார், எங்கே வசிக்கிறார்கள் என்று வரி அலுவலகத்துக்குக் கொடுத்த கணக்கு அது. பிள்ளையில்லாத பெரியம்மா இறந்திருந்தால் அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோரும் ஒரே தாளில் வந்துவிடுவார்கள். அதனால் பிள்ளையில்லாதவர்களை 'அந்தக் கிளை முடிந்தது' என்று ஒதுக்காதீர்கள். அவர்கள் வீட்டுக் கணக்கில்தான் கிளைகள் எல்லாம் கூடும்.

அடுத்து நாளிதழ்கள். 'டெல்ஃபர்' தளத்தில் 1618 முதல் 1995 வரையிலான செய்தித்தாள்களை இலவசமாகச் சொல் போட்டுத் தேடலாம். பிறப்பு, திருமணம், இறப்பு விளம்பரம் கொடுப்பது அங்கே வழக்கம். இறப்பு விளம்பரத்தில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் பெயரும் ஊரும் வரிசையாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் கொல்லப்பட்ட யூதக் குடும்பங்களுக்கு 'யோட்ஸ் மோனுமென்ட்' என்ற இணைய நினைவகம் இருக்கிறது. ஜெர்மானியருக்கு உடந்தை என்று விசாரிக்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலும் 2025 ஜனவரியில் இணையத்தில் வந்திருக்கிறது. அதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். கோப்பைப் படிக்காமல் சொந்தக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

மரபணுச் சோதனை கிட்டத்து உறவுக்கு நன்றாக வேலை செய்யும். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளோடு சராசரி 12.5 சதவீதம் பொதுவாக இருக்கும். அதற்கு அடுத்த தலைமுறைப் பங்காளியோடு 3 சதவீத அளவு. எட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரிடமிருந்து வருவது சராசரியாக அரை சதவீதத்துக்கும் குறைவு, பூச்சியமாகவும் இருக்கலாம். எனவே 1750-களின் கம்பெனிச் சிப்பாய் சோதனையில் தெரியவில்லை என்பதால் அவர் மூதாதை இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

உயிரோடு இருப்பவரின் முகவரியை நகராட்சி தராது, தனியுரிமைச் சட்டம் அங்கே கண்டிப்பானது. நீங்களாகக் கண்டுபிடித்து எழுதும்போது தபாலில் ஒரு பக்கக் கடிதம் நல்லது. எளிய ஆங்கிலம் போதும். யாருடைய பிள்ளை வழியில் வருகிறீர்கள் என்பதை இரண்டே வரியில் சொல்லி, இருவருக்கும் பொதுவான தம்பதியின் திருமணப் பதிவு நகலை இணைத்துவிடுங்கள். முதல் கடிதத்திலேயே புகைப்படம் கேட்க வேண்டாம், சொத்து பற்றிய எந்தச் சொல்லும் வர வேண்டாம். பதில் வந்தால், அவர்கள் பெயரை இணைய மரத்தில் ஏற்றும் முன் அனுமதி கேளுங்கள். பதில் வராவிட்டால் மூன்று மாதம் பொறுத்து, அதே குடும்பத்தில் இன்னொருவருக்கு எழுதலாம்.